சீலிங்கில் பியர் நுரை

வெள்ளி, இரவு.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஸ்டூலில் ஏறி, ஸ்டோர் ரூம் சீலிங்கில் அப்பியிருந்த பியர் நுரையைத் துடைத்தேன். வீட்டிலேயே பியர் போடுகிறேன் என்று கேனைக் கழுத்து வரை நிரப்பி, மேலே வாயு வெளியேறும் சின்ன ஏர்லாக்கைச் செருகியவர் என் கணவர். நுரை பொங்கும் முதல் மூன்று நாளுக்குத் தடித்த டியூப்பை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் வாளியில் விடுங்கள் என்று அன்றே சொன்னேன்.

"டியூப் மாட்ட இதென்ன ஆஸ்பத்திரியா புள்ள?" என்று சிரித்தார்.

ஏர்லாக்கை நுரை அடைத்து மூடி பறந்தது. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே நின்று நண்பரிடம் போனில் சொல்கிறார்: "ஈஸ்ட்டு மட்டமுங்க மாப்ள. நம்ம மேல தப்பில்ல."

தோசை மாவு பொங்க இடம் விட்டு வைக்கும் அறிவுகூட இல்லாத மனிதர். கெமிஸ்ட்ரி படித்த நான் அவருக்குத் துணி பிழிகிறேன்.

நாளை ஐந்து ரோட்டுக் கடையில் டியூப் வாங்கி, அடுத்த கேனை நானே போடப்போகிறேன். அவரிடம் சொல்லவில்லை. அதில் அவருக்கு ஒரு டம்ளர்கூடக் கிடையாது.