அணைச்சாச்சு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா நலம். இருபது வருடத்தில் நான் அணைத்த தீக்குக் கடல் தண்ணீரே பத்தாது. மூன்று பேரை ஒரே தோளில் சுமந்து ஏணியில் இறங்கியவன் நான். நான்கு பேர் என்றும் சொல்கிறார்கள், மறுக்கமாட்டேன்.

நிலையத்தில் என் பட்டப்பெயரே 'அணைச்சாச்சு'. புகை அடங்கும் முன்பே கத்திவிடுவேனாம். "மச்சான், உங்க வாய் குழாயைவிட வேகம்!" என்று என்னோடு அதே நிலையத்தில் வேலை பார்த்த உன் அப்பா சிரிப்பார்.

"தீ அடங்காம அப்பா ஏன் மாமா உள்ள போனாரு?" என்று கேட்டிருந்தாய்.

அந்தப் பஞ்சுக் கிடங்கில் நான் புலிபோல் நின்றேன். வாசலில்தான், பம்பு பக்கத்தில். பஞ்சு மூட்டை வெளியே கறுத்துக் கிடந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் நின்றது. "அணைச்சாச்சு!" என்று கத்தினேன்.

"நிஜமாவா மச்சான்?" என்று அப்பா கேட்டார். தலையாட்டினேன். உள்ளே போனார்.

அறிக்கையில் 'கூரை சரிந்தது' என்று மட்டும் இருக்கிறது. நான் கத்தியது அதில் இல்லை.

இப்போதெல்லாம் வீட்டு அடுப்புகூட அணைந்ததா என்று உன் அத்தையைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இனி உறைமேல் 'தீயணைப்பு வீரர்' என்று எழுதாதே. மாமா என்றால் போதும். அதுவும் உனக்கு மனமிருந்தால்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் அண்ணன்