செண்பக வாசனை போட்ட நுரை

அண்ணி, இன்று பதுளையில் வாசனைச் சாமான் விற்கும் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போயிருந்தேன். வாசனை எண்ணெய்க் குப்பிகளில் ஒன்றைத் திறந்து, "இது புதுசா வந்த செண்பகம், பாருங்க தங்கச்சி" என்று நீட்டினார். முகர்ந்தவுடன் கண் கலங்கிவிட்டது. "என்னங்க, காட்டமா இருக்கா?" என்று அவர் பதறினார். ஆமாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு நீங்கள் மருமகளாக வந்தபோது நமக்கு ஏறத்தாழ ஒரே வயது. நான் பண்டாரவளையில் பியூட்டி பார்லரில் வேலை. நீங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில். வேலை விட்டு வரும்போது புருவத்தில்கூடத் தேயிலைத் தூள் படிந்திருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அந்தக் குளிர்காற்றில் முகம் வெடித்துப்போகும். நாமே நுரை வரும் ஃபேஸ் வாஷ் செய்து பார்க்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

வாசனை வேண்டாம் என்றேன், தோலுக்கு ஆகாதென்று. நீங்கள் விடவில்லை.

"நாள் பூரா தேயிலையா மணக்குறேன். தூங்குறப்பவும் அதே மணம். எனக்குன்னு ஒரு வாசம் வேணாமா?"

நானே போய் ஒரு குப்பி செண்பக எண்ணெய் வாங்கி வந்தேன்.

முதல் தடவை தோற்றோம். கொதித்து ஆறிய தண்ணீரில் மென்மையான நுரைத் திரவத்தையும் கிளிசரினையும் கலந்து, செண்பக எண்ணெயை நேராக ஊற்றிவிட்டோம். எண்ணெய் ரசத்தில் மிதப்பதுபோலக் கண் கண்ணாக மேலே நின்றது. அதை வழித்து உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தீர்கள். கன்னம் மிளகாய் பட்டதுபோலச் சிவந்தது. "ஏன்டி, உங்க அண்ணன் அடிச்சிட்டாருன்னுல்ல லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க பேசுவாங்க!" என்று சிரித்தீர்கள். வாசனையை மிகவும் குறைத்து, எண்ணெயைக் கரைக்கும் திரவத்தோடு முதலில் குழைத்து, பிறகு தண்ணீரில் சேர்க்க வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். கெடாமல் இருக்க மருந்தும் சேர்த்தோம். அடுத்த முறை முழங்கையின் உட்பக்கம் தடவி மறுநாள்வரை பொறுத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. நுரை பம்ப் போத்தலை நீங்கள் அழுத்தியதும் உள்ளங்கையில் வெள்ளையாகப் பூத்து நின்றது. அதைக் கழுவ மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

அதன் பிறகு நோய் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். நான் வாசனை இல்லாமல் ஒரு போத்தல் செய்து கொண்டுவந்தேன்.

"வாசம் எங்க?"

"உங்களுக்குக் குமட்டுமேன்னு போடலை அண்ணி."

"இங்க எல்லாம் மருந்து நாத்தம். என்னையும் மருந்தாவே ஆக்கிட்டாங்க. போட்டுக் கொண்டா."

மறுநாள் கொண்டுவந்தேன். உங்கள் கையில் ஊசி இருந்ததால் நானே நுரையை எடுத்தேன். பார்லரில் எத்தனையோ பேர் முகத்தைத் தொட்டவள், உங்கள் முகத்தைத் தொடத் தயங்கினேன். நெற்றியில் ஆரம்பித்தேன். எலும்பு தட்டுப்பட்டது. ஈரத்துணியால் துடைத்து முடித்ததும் மூச்சை ஆழமாக இழுத்து, "இப்பதான் நான் நானா இருக்கேன்" என்றீர்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை.

"அவங்களுக்கும் செஞ்சு விடு" என்றீர்கள்.

"எனக்குச் சிங்களம் சரியா வராதே அண்ணி."

"மூஞ்சி கழுவ பாஷை எதுக்கு?"

போத்தலைக் காட்டிச் சைகையில் கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். பிறகு மெல்லக் கண்களை மூடிக்கொண்டார். நான் துடைத்து முடிக்கும்வரை என் முழங்கையைப் பிடித்திருந்தார். நீங்கள் தலையைத் திருப்பி அதைப் பார்த்தபடி கிடந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட நீங்கள் இருக்கவில்லை.

இப்போது எந்த நோயாளியைப் பார்க்கப் போனாலும் எனக்கு ஆறுதல் சொல்ல வருவதில்லை, அண்ணி. என்ன சொன்னாலும் பொய்யாகப் படுகிறது. கட்டிலருகே உட்கார்ந்து, "மூஞ்சி கழுவி விடட்டுங்களா?" என்று மட்டும் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள். பெரும்பாலோர் முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள்.