யார் தூக்குவது என்ற கட்டம்

காலையிலிருந்தே மழை. கணினிக் கூடத்தில் நம் புரொஜெக்ட் கோப்பைத் திறந்தேன். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் உன் பெயர். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஐந்து வாரம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஒரு மண்சரிவு எச்சரிக்கைச் செயலி. நிறம் மாறும் வரைபடம், சைரன், குறுஞ்செய்தி. தேவைகளையெல்லாம் நான் அறையிலிருந்தே எழுதி முடித்திருந்தேன். "யாரையும் கேக்காமலே எழுதிட்டியேடா மச்சான்" என்று நீதான் என்னைத் தெஹியோவிட்டவில் உள்ள உங்கள் தோட்டத்துக்கு அழைத்துப்போனாய்.

"உங்களுக்கு என்ன வசதி வேணும்?" என்று கேட்டேன். எழுதுகிற கொப்பியோடு வந்தவனுக்கு எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். "எது குடுத்தாலும் நல்லதுங்க."

நீ கேள்வியை மாற்றினாய். "மழ புடிச்சா எதுக்குப் பயப்படுறீங்க?"

ரப்பர் பால்வாளியை இறக்கிவைத்த ஓர் அக்கா சொன்னாள்: "சைரன் அடிச்சா நாங்க ஓடிருவோம் தம்பி. படுத்துக் கெடக்குற எங்க மாமியார ஒங்க போனா வந்து தூக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்தபடியே எழுதினாய்: நடக்க முடியாதவர் யார், அவரை யார் தூக்குவது.

"இது கட்டாயம்" என்றாய். நான் அதை 'நேரமிருந்தால்' என்ற வரிசைக்குத் தள்ளினேன். விவரம் திரட்டுவது கஷ்டம், புள்ளி கிடைக்காது என்றேன். இரண்டு நாள் நாம் பேசவில்லை.

உண்மை வேறு. கஹவத்தைத் தோட்டத்தில் இருக்கும் என் அப்பா விழுந்ததிலிருந்து நடப்பதில்லை. அம்மாவால் தூக்க முடியாது. எங்கள் லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் மண்மேடு. பட்டியல் வந்தால் அவர் பெயரும் வரும். பெயருக்கு எதிரே என்ன எழுதுவேன்? பயந்துதான் தள்ளினேன்.

நீ போய் ஆள் குறைந்துவிட்டதால் ஏதாவது ஒன்றை வெட்டு என்றார் புரொஜெக்டைப் பார்க்கும் சேர். வரைபடத்தை வெட்டினேன். புள்ளி குறையும் என்று சிங்களத்தில் எச்சரித்தார். தெரியும் என்றேன்.

பிறகு உன் பட்டியலைத் திறந்தேன். உங்கள் தோட்டத்துப் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில், என் அப்பா. பஸ்ஸில் நான் ஒருமுறை சொன்னதை நீ மறக்கவில்லை. எதிரே இருந்த கட்டம் காலி.

எங்கள் பக்கத்துக் காம்பரா அண்ணனைப் போனில் அழைத்தேன். "அண்ணே, மழ கூடுனா அப்பாவ..."

"இதக் கேக்க ஒனக்கு இவ்வளவு நாளாடா? நானும் எந்தம்பியும் தூக்கிருவோம். ஆனா பகல்ல நாங்க மலையில வேலைக்கு நிப்போமே. அப்ப யாரு?"

அவர் பெயரை எழுதினேன். 'பகலில் யார்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். கட்டாயம் என்று குறித்தேன். அதில் எழுத இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை.

பயம் குறையவில்லை. அதை 'நேரமிருந்தால்' வரிசையிலிருந்து 'கட்டாயம்' வரிசைக்கு ஏற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.