முடியாது என்று சொன்ன வேலைகள்

மார்ச் 4, புதன்
இன்றும் ஒரே ஒரு ஜிப். பை கிழிந்தால் இப்போதெல்லாம் யார் தைக்கிறார்கள்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் வேலை வராவிட்டால் கடையை மூடிவிட்டுப் பெட்டித் தொழிற்சாலையில் சேர் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். பதினெட்டு வருடக் கடை.

ஒத்தாசைக்குத் தன் தம்பியை அனுப்புகிறாளாம். கூலி வேண்டாமாம். கூலி வேண்டாம் என்கிறவனிடம்தான் நான் ஜாக்கிரதையாக இருப்பேன்.

மார்ச் 6, வெள்ளி
மச்சான் வந்து முழுதாக இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் ஒரு நோட்டு. நான் யாரையாவது "முடியாது" என்று திருப்பி அனுப்பினால் உடனே எழுதிக்கொள்கிறான். குழந்தை வண்டியின் மேல்மூடி, குடைத்துணி, நாய்க்குக் கழுத்துப்பட்டை.

"என்னடா எழுதுற?"

"ஒண்ணுமில்ல மாமா. நாம முடியாதுன்னு சொல்றதுலதான் புது வேலை இருக்கு. பைசா செலவில்லாம பிடிக்கலாம்."

ஒன்றுமில்லாததற்கு எதற்கு நோட்டு?

மார்ச் 9, திங்கள்
மச்சான் எனக்கு டீ வாங்கித் தந்தான். எதற்கு?

மார்ச் 11, புதன்
சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பியவன் பின்னாலேயே போனேன். இசைப்பள்ளி வாசலில் நின்று காவலாளியிடம் நோட்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். சிரிப்பு வேறு. என் வாடிக்கையாளர்களை வளைத்துத் தனிக்கடை போடப் போகிறான், வேறென்ன? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவன் அக்காவும் கூட்டோ?

மார்ச் 12, வியாழன்
கேட்டேவிட்டேன். "யாருக்குடா வேவு பாக்குற?"

முகம் சுண்டிப் போய்விட்டது. நோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மனைவி என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 14, சனி
கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். "கிட்டார் உறையெல்லாம் தைப்பீங்களா?" எத்தனை மெஷின், எத்தனை ஆள், எத்தனை நாளாகும் — கேள்விமேல் கேள்வி. தைக்கக் கொடுக்க வந்தவர் கையில் பையே இல்லை! மச்சான் அனுப்பிய ஆளேதான். "அதெல்லாம் இங்க செய்யறதில்ல" என்றேன். போய்விட்டார். யாரிடம்?

மார்ச் 15, ஞாயிறு
நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

'இசைப்பள்ளி. கிட்டார் உறை 22. ஜிப், தோள்வார் போனவை. நிர்வாகி சனிக்கிழமை கடையைப் பார்க்க வருவார். அவர் சரி என்ற பிறகு மாமாவிடம் சொல்ல வேண்டும். இப்போது சொன்னால் நம்ப மாட்டார்.'

ஐயோ. அந்தக் கண்ணாடிக்காரர். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே! இருபத்திரண்டு உறை — என் வாயாலேயே — சே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 16, திங்கள்
இசைப்பள்ளிக்குப் போய் நிர்வாகியைப் பார்த்தேன்.

"செய்யறதில்லன்னு சொன்னீங்களே?"

"ஆளைத் தப்பா நினைச்சுட்டேன் சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஊரைப் பார்க்கிற பார்வை. வெட்கமாக இருந்தது. கடைசியில் சரி என்றார், ஆனால் பத்தே நாளில் வேண்டுமாம். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை.

மார்ச் 17, செவ்வாய்
மச்சான் வீட்டு வாசலில் நின்றேன். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"அக்கா அனுப்புனாளா?"

"இல்லடா. நானாத்தான் வந்தேன். உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு."

"வரேன் மாமா. ஆனா கடைச் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கணும்."

இத்தனை வருடத்தில் மனைவியிடம்கூடக் கொடுத்ததில்லை.

மார்ச் 18, புதன்
கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்
காலையில் தெருமுனையிலிருந்து பார்த்தால் கடை திறந்து கிடக்கிறது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடினேன். உள்ளே மச்சான் மூன்று உறைகளை முடித்து மடித்து வைத்துவிட்டு நான்காவதைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, இப்படி மூச்சு வாங்குது?"

"டாக்டர் வேகமா நடக்கச் சொல்லியிருக்கார்" என்றேன்.

நம்பினானா, தெரியவில்லை. ஐந்தாவது உறையை நான் எடுத்துக்கொண்டேன்.