புவனேசன் போட்ட ஒயரில் குறையில்லை

பத்தாங் காலி, மலேசியா,
ஞாயிறு காலை.

அன்பு மகன் லிங்கேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. மெல்பர்னில் நீயும் விஷாலினியும் சுகமாய் இருப்பீர்கள், இருக்கணும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் எனக்கு இன்றைக்கு மனசு வரவில்லை. போனில் பேச்செடுத்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், பக்கத்தில் உட்கார்ந்து அப்பா வேறு போதும் விடு என்கிறார், அதனால்தான் கடிதம். முழுசாய்ப் படி.

போன மாசம் அறைச் சுவர் புகைந்ததும், பிளக்கைப் பிடுங்கப் போய் அப்பா கை வெந்ததும் உனக்குத் தெரியும். நான் ராவாங் தொழிற்சாலையில் வேலையில் இருந்தேன், பக்கத்து வீட்டுத் துளசி ஓடி வந்து மெயின் சுவிட்சை அடைத்துக் கரண்டை நிறுத்தியதால் வீடு தப்பியது. அன்றைக்கு நீ அப்பாவிடம் என்ன சொன்னாய்? பழைய ஒயரிங், புவனேசன் மாமா சரியாய்ப் போடவில்லை என்று சொன்னாய். இஞ்சினியர் மகன் சொல்லிவிட்டான், அவருக்கு அது போதும். ஒரே தோட்டத்து லயத்தில் கூடப்பிறந்தவர் போல வளர்ந்த மனுஷனை, சாப்பாட்டுக் கடையில் பத்துப் பேர் முன்னால், ஆளைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் அப்பா கிளினிக் போயிருந்த நேரம் புவனேசன் அண்ணன் தானாகவே வந்து சுவரை உடைத்துப் பார்த்தார். அவர் வைத்த பதினாறு ஆம்பியர் பிரேக்கர் இல்லை, அந்த இடத்தில் முப்பத்திரண்டு. உள்ளே இரண்டு ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, அந்த இடம்தான் கருகியிருந்தது. உன் வீட்டுக்காரன் தேவதாசிடம் சொல்லாதேம்மா, பிள்ளை பேர் கெட்டுவிடும் என்றார்.

தீபாவளிக்கு வந்து, அறை குளிர ஏர்கோனையும் சுடுதண்ணி ஹீட்டரையும் ஒரே லைனில் மாட்டியது நீ. பிரேக்கர் அடிக்கடி விழுந்து கரண்ட் நிற்கிறது என்று கடையில் பெரியதாய் வாங்கிப் போட்டதும் நீ. ஒயர் மெலிசுப்பா என்று பக்கத்தில் நின்று சொன்னேன், நீங்க போய் டீ போடுங்கம்மா என்றாய். டேய், பத்தொன்பது வருஷமாய்க் காருக்கு ஒயர் கட்டுகிற தொழிற்சாலையில் நிற்கிறேன். வோல்ட் என்பது தள்ளுகிற அழுத்தம், வீட்டில் அது எப்போதும் இருநூற்று முப்பதுக்குப் பக்கம்தான். கரண்ட் எவ்வளவு ஓடும் என்பது மாட்டுகிற சாமானைப் பொறுத்தது. ஹீட்டர் பதின்மூன்று, ஏர்கோன் ஆறு, மொத்தம் பத்தொன்பது ஆம்பியர் அந்த மெலிசு ஒயரில். ஒயர் மெலிந்தால் தடை கூடும், தடை உள்ள இடம் சூடாகும், கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. தளர்ந்த இணைப்பு அதைவிட மோசம், தடை முழுக்க அந்த ஒரு இடத்தில் போய் உட்காரும். இழுத்தால் கழன்று வருகிற ஒயரை நாங்கள் குப்பையில் போடுவோம், நீ அதைச் சுவருக்குள் வைத்து மூடினாய். பிரேக்கர் விழுந்தது உன்னைத் தொந்தரவு செய்ய இல்லை, ஒயரைக் காப்பாற்ற. இதுகூடவா உனக்குத் தெரியாது?

அண்ணன் சொன்னதை நான் கேட்கவில்லை. சாயங்காலமே அந்த முப்பத்திரண்டை அப்பா கையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்து புவனேசன் வீட்டுக்கு நடந்தே போனார். திரும்பி வந்து, அவன் என்னை ஒரு வார்த்தை குறையாய்க் கேட்கவில்லை தங்கம் என்றார். உன்னைத் திட்டுவார் என்று பார்த்தால், பையன் நமக்கு நல்லது செய்யத்தானே நினைச்சான் லா என்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சாப்பாட்டுக் கடையில் இருக்கிறவர்கள் இன்னமும் புவனேசன் போட்ட ஒயர் எரிந்தது என்றுதான் பேசுகிறார்கள், வீட்டு ஒயரிங் வேலைக்கு அவரிடம் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

போனில் ஒரு சாரி சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. பொங்கலுக்கு லீவு போட்டு வா. அந்தக் கடையில் புவனேசன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் நிறைந்திருக்கிற நேரத்தில், செய்தது நான்தான் என்று உன் வாயால் சொல். அதற்கப்புறம் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருமகளுக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நல்லாயிருக்கணும் என்று தினமும் விளக்கேற்றித்தான் வேலைக்குப் போகிறேன், கோபத்திலும் அது நிற்கவில்லை. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

உன் அம்மா,
தங்கமணி தேவதாஸ்