ராஜாவின் கால் எழாத இடம்

11 ஜனவரி 1998, ஞாயிறு

மிளகுக் கிடங்கில் என்னோடு மூட்டை தூக்கும் அந்தோணி, மாதா கோயில் திருவிழாவின் சவிட்டு நாடகத்தில் முப்பது வருட ராஜா. சவிட்டு என்றால் மிதி; பாடிக்கொண்டே பலகையை மிதிக்க வேண்டும். அவன் மிதித்தால் லட்சத்தீவில் தேங்காய் உதிரும். பாட்டெல்லாம் பழைய தமிழ். பாடுகிற மலையாளிகளுக்கு மனப்பாடம்தான், பொருள் தெரியாது.

போன வாரம் ஒத்திகையில், "அண்ணாச்சி, இது எந்து பாட்டு?" என்று கேட்டான். போர்ப்பாட்டு என்று நினைத்து இத்தனை காலம் கர்ஜித்திருக்கிறான். செத்த மகனை மடியில் கிடத்தி அப்பன் அழுவது என்று, தமிழையே நான்தான் கண்டுபிடித்தது போல விளக்கினேன்.

இன்று சாயங்காலம் திருவிழா மேடையில் அந்த இடம் வந்தது. அவன் கால் எழவில்லை. ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஆசான் தாளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவன் அசையாமல் நின்று மெல்லப் பாடினான். அவ்வளவு அழகான ஒன்றை நான் கேட்டதில்லை.

"மாமா, வாய மூடுங்க. கொசு குடும்பத்தோட குடியேறிடும்" என்றாள் தங்கை மகள்.

மேடையை விட்டு இறங்கியதும் ஆசான் அவனைப் பிடித்துக்கொண்டார். "சவிட்டாம நின்னா அது நாடகமாடா? நாளைக்கும் கால் நின்னா கிரீடம் வேற ஆளுக்கு!"

அந்தோணி தலையாட்டினான். வரும் வழியில் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, கடைசிப் பாட்டு எந்தா சொல்லுது?"

தெரியாது என்றேன். அரபிக்கடல் அளவுக்கு நான் பொய் அவிழ்த்துவிடும்போதெல்லாம் "போ அண்ணாச்சி" என்று சிரிப்பவன், இதை மட்டும் நம்பிவிட்டான்.