மாடி வீட்டு ஜப்பான் மாமிக்கு

மாமி,

இன்று காலை லேக் மார்க்கெட்டில் மாவடு வந்திருந்தது. வாசனை பட்டதும் யோசிக்காமல் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன், ஒன்று எங்களுக்கு, ஒன்று உங்களுக்கு. வீட்டுக்கு வந்து உப்புப் போட்டுப் பிசிறும்போதுதான் மாடியில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்பது உறைத்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்குப் புத்தி வர இன்னும் எத்தனை மாவடு சீசன் வேண்டுமோ.

உங்கள் ஊரிலும் ஒரு காயை இப்படித்தான் உப்பில் ஊறப்போடுவார்களாம். கப்பல் கம்பெனியில் இருந்த மாமா உங்களைக் கோபேயிலிருந்து கல்யாணம் செய்து கூட்டி வந்த புதிதில், தயிர் சாதமும் மாவடுவும்தான் உங்களைக் காப்பாற்றின என்பீர்கள். நான் கீழ் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, என்னைவிட நன்றாகத் தமிழ் பேசினீர்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

நூறு தாண்டிய பிறகும், மாமாவின் பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வருஷா வருஷம் என் கையைப் பிடித்துக்கொண்டு பாங்குக்கு வருவீர்கள். புதிதாக வந்த வங்காளி ஆபீசர் ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மாஷிமா, பொறந்த வருஷம் தப்பா இருக்கே" என்றார். "பொறந்தது சரிதான் பாபா, இன்னும் போகாததுதான் தப்பு" என்று நீங்கள் வங்காளியில் சொன்னதும் கியூவே சிரித்தது.

உங்களுக்கு நூற்றைந்து நடக்கும்போது நாக்பூரிலிருந்து உங்கள் மருமகள் எனக்குப் போன் செய்தாள். உங்கள் ஒரே பிள்ளை சேகர் தூக்கத்திலேயே போய்விட்டார். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கோ அக்கா. இந்த வயசுல தாங்கமாட்டா" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாடியேறி வந்து, "சேகருக்குத் தொண்டைல ஆபரேஷன் மாமி. கொஞ்ச நாள் போன்ல பேசக்கூடாதாம்" என்றேன். நீங்கள் "அப்படியா" என்று காப்பி கொடுத்தீர்கள். குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஒரு பொய். சேகர் கஞ்சி குடிக்கிறார், சேகர் பார்க்கில் நடக்கிறார், டாக்டர் இன்னும் பேச விடவில்லை. பேசாமல் டிவி சீரியல் எழுதப் போயிருக்கலாம். நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். பதினோரு மாதம் கழித்து ஒரு மத்தியானம், இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நிமிராமலே கேட்டீர்கள்.

"சேகருக்கு வருஷ திவசம் எப்போ வரது?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போயிட்டு வரேன் மாமின்னு வாசல்ல நின்னு சொல்லாம நீ ஒருநாளும் எறங்கினதில்ல. அன்னிக்கு மட்டும் சொல்லாம எறங்கினே. உங்க மாமா போனப்போ துக்கத்துக்கு வந்தவா எல்லாரும் அப்படித்தான் எறங்கினா."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது நம் வழக்கம். வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது, கால் மட்டும் தன் பழக்கத்தை விடவில்லை.

"தெரிஞ்சும் ஏன் மாமி என்னைக் கேக்கல?"

"நீ அவ்வளவு ஆசையா அவனுக்குக் கஞ்சி கொடுத்திண்டிருந்தே. எப்படி நிறுத்தச் சொல்றது? அழணும்னா நீ கீழே போற வரைக்கும் காத்திண்டிருக்கணும். அது ஒண்ணுதான் கஷ்டமா இருந்தது."

அன்று சாயங்காலம் வரை சேகரைப் பற்றியே பேசினோம், அழுதோம், நடுவில் சிரிக்கவும் செய்தோம். கீரை வாடிப்போயிற்று. நீங்கள் அதன்பிறகு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை, மாமி. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்காக உங்களைப் பதினோரு மாதம் தனியாக அழவிட்டிருக்கிறேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து என் பெண் கூப்பிட்டாள். திருச்சி ஆஸ்பத்திரியில் இருக்கும் என் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "பெரியம்மா நன்னா இருக்காம்மா, தூங்கறா" என்று மடமடவென்று சொன்னாள். எனக்கு எழுபத்திரண்டு வயது. அந்த அவசரம் எனக்குத் தெரியாதா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நான் உக்காந்துண்டுட்டேன். இப்ப நெஜத்தைச் சொல்லு. சொல்லிட்டு போனை வெச்சுடாதே, கூட இரு" என்றேன்.

அந்தப் பக்கம் என் பெண் அழ ஆரம்பித்தாள். நானும் அவளோடு அழுதேன்.